ஜன்னல் இல்லாத மன்றம்

ஆலங்குண்டு மன்றத்துக்கு ஜன்னல் கிடையாது. நாற்பது அடி நீளம், இருபது அடி அகலம், ஒன்றரை அடி கனத்தில் சுவர். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஒரே ஒரு கதவு, அதிலும் குனிந்துதான் நுழைய வேண்டும். செக்கானூரணி தாண்டித் தேனி ரோட்டில் போகிறவர்கள் இதைப் பார்த்தால் ஏதோ வெடிமருந்துக் கிடங்கு என்றுதான் நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் உள்ளேயிருந்து ஒயிலாட்டச் சலங்கை கேட்கும், பெண்கள் கும்மி கொட்டுவது கேட்கும், கீபோர்டில் ஒரே பாட்டைப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வாசித்து உயிரை வாங்குவதும் கேட்கும். உள்சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த படங்கள். ஒரு மாட்டுக்கு ஐந்து கால். யாரும் திருத்தவில்லை.

கனகலட்சுமி அங்கே பெண்கள் ஒயில் குழுவுக்கு முன்னால் நின்று அடியெடுத்து ஆடுகிறவள். நாற்பத்திரண்டு வயது. அவளிடம் ஒரு குறை உண்டு, எதையும் 'எதுக்கு' என்று கேட்காமல் விடமாட்டாள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு அம்மி ஏன் வடக்குப் பார்த்துக் கிடக்கிறது என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதனால்தான், மன்றத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்தபோது, மன்றச் செயலாளர் வெள்ளைத்துரை அதைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார். அவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். டிக்கெட் கிழித்தது போக வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லாதவர்.

"கனகு, இதுல 'மன்றத்தின் வரலாறு, ஒரு பக்கம்'னு கேட்டிருக்கான். 'நோக்கம், மூணு வரி'ன்னும் கேட்டிருக்கான். ஒனக்குத்தான் நாலு பேருகிட்ட நோண்டி நோண்டிக் கேக்கத் தெரியும். எழுதிக் குடுத்துரு."

"எதுக்குண்ணே ஜன்னலே வைக்காமக் கட்டுனாங்க? மொதல்ல அதச் சொல்லுங்க."

"பாத்தியா, ஆரம்பிச்சுட்ட," என்று சொல்லிவிட்டு வெள்ளைத்துரை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நல்லகாமன் டிராக்டரை நிறுத்திவிட்டு, கால் சேற்றைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தான். கனகலட்சுமியின் புருஷன். கோபக்காரன் இல்லை, ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடாதவன். மன்றம் நிற்கிற இடம் அவனுடைய அப்பா சின்னச்சாமி பேரில் இருந்தது. அவர் செத்து நாலு வருஷமாகிறது. பட்டா இப்போதுதான் நல்லகாமன் பேருக்கு மாறியிருந்தது.

"ஏ கனகு, திங்கக்கெழம பார்சல் கம்பெனி மேனேசர் வாராரு."

"எதுக்கு?"

"மன்றத்தப் பேசத்தான். அவங்களுக்குக் குடோன் வேணுமாம். ரோட்டு மேல இம்புட்டுப் பெரிய கட்டடம் வேற எங்க கெடக்கு?"

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். "அது மன்றம்ல?"

"இப்பத்தான் மன்றம். எங்கப்பா கட்டுனது குடோனு. சோளம் போட்டு வைக்கக் கட்டுனாரு. பெறகு பொம்பளைங்க முளைப்பாரி வளக்கக் கேட்டாங்க, குடுத்தாரு. நாடகக்காரங்க கேட்டாங்க, குடுத்தாரு. கேட்டவனுக்கெல்லாம் குடுத்தாரு. அதுக்காக அது குடோன் இல்லேன்னு ஆயிருமா? ஜன்னல் இல்லாமக் கட்டுறது வேற எதுக்குங்கிற?"

"நாங்க எங்கிட்டுப் போயி ஆடுறது?"

"கோயிலு முன்னாடி ஆடுங்க. எடமா இல்ல?"

"கோயிலு முன்னாடி முப்பது ஆம்பள சீட்டு வெளாண்டுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. சேலைய வரிஞ்சு கட்டி அவங்க மொகத்துல முழிச்சுக்கிட்டு ஆடச் சொல்றீங்களா? மன்றத்துலதான் ஒருத்தனும் எட்டிப்பாக்க முடியாது. அதனாலதான் எங்களுக்கு உடம்பு வளையுது."

நல்லகாமனுக்கு அது புரியாமலில்லை. அவள் வாரம் முழுக்கக் களை எடுத்து, மாட்டுக்குப் புல் அறுத்து, ஞாயிறு மதியம் வந்தால் முகமே வேறாகிவிடுவதை அவனும் பார்த்திருக்கிறான். தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டான்.

"சரி. வேற எதுக்காச்சும்தான் எங்கப்பா அதக் கட்டுனாருன்னு ஒரு ஆளு சாட்சி சொல்லட்டும். மேனேசர வராதன்னு சொல்லிர்றேன். இல்லேன்னா திங்கக்கெழம கையெழுத்துப் போடுவேன். பேசக் கூடாது."

"பேசல," என்றாள் கனகலட்சுமி. ஐந்து நாள்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போனாள். கேட்கக் கேட்கக் கதை பெருகியது. ஒருவர் மன்றத்தைக் கட்டியது நாடகக் கம்பெனி என்றார். இன்னொருவர், டூரிங் தியேட்டருக்காகக் கட்டினார்கள், லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று சத்தியமே பண்ணினார். வயதான பெண்கள் மட்டும் ஒரே மாதிரி சொன்னார்கள். முதலில் சின்னச்சாமி வீட்டு உள்ளறையில்தான் முளைப்பாரி வளர்ந்தது, பிறகு அவர் குடோன் கட்டினார், கட்டி முடித்ததும் 'நீங்களே வச்சுக்கங்க' என்று சாவியைக் கொடுத்துவிட்டார், கோயிலில் தனி அறை கட்டுகிற வரைக்கும் பத்துப் பதினைந்து வருஷம் அங்கேதான் பாரி வைத்தோம், கும்மி பழகினோம், கும்மி பழகப் போய்த்தான் மன்றமே ஆனது என்றார்கள்.

"எதுக்கு எங்க வீட்டுல வளக்கிறத நிப்பாட்டுனீங்க?" என்று கேட்டாள்.

அதற்கு மட்டும் ஒரு கிழவி குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒரு வருசம் ஒச்சாயி பாரி கருகிப் போச்சுல்ல. அதுலருந்து அவள மட்டும் வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு உங்க மாமனாரோட ஆத்தா சொல்லிட்டா. அதுல ஒரே மனஸ்தாபம்."

முளைப்பாரி கருகுவது சின்ன விஷயமில்லை. சட்டியில் கரம்பை மண்ணும் ஆட்டெருவும் போட்டு, பயறு விதைத்து, வெளிச்சம் படாத அறையில் ஏழு நாள் வைத்து வளர்ப்பார்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கப் பெண்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். பயிர் மஞ்சளாக முழ உயரத்துக்கு எழும்பினால் அந்த வீட்டுக்கு நல்லது. கருகினால் வைத்தவள் ராசியில்லாதவள். ஒச்சாயிக்கு அப்போது இருபது வயது, கல்யாணமாகி வந்து வைத்த முதல் பாரி. அதற்குப் பிறகு ஐம்பது வருஷமாக எந்த வீட்டிலும் அவளைச் சீர்த்தட்டுத் தூக்கக் கூப்பிட்டதில்லை, பொண்ணுக்குப் பூ வைக்கக் கூப்பிட்டதில்லை. அவள் பஸ் ஸ்டாப்பில் போட்டிருக்கிற இட்லிக் கடையில் மட்டும் ஊரே உட்கார்ந்து தின்றது. ராசியில்லாத கை மாவை மட்டும் நன்றாகத்தான் ஆட்டும் போலிருக்கிறது.

கனகலட்சுமி அங்கேயும் போனாள். "ஏ அத்த, மன்றத்த எதுக்குக் கட்டுனாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

ஒச்சாயி இட்லித் துணியை உரித்துக்கொண்டே சொன்னாள். "கூலிக்கு மண்ணு சொமந்தேன். வேற எனக்கென்ன தெரியும். நான் அதுக்குள்ள போனதில்ல."

"ஒரு நா கூடவா? கதவு தொறந்துதான கெடக்கு."

"போனதில்லன்னா போனதில்ல. சட்னி ஊத்தவா?"

வெள்ளிக்கிழமை மன்றத்தைக் கூட்டும்போதுதான் அது கண்ணில் பட்டது. வாசற்படிச் சிமெண்டின் ஓரத்தில், கொத்துக் கரண்டி முனையால் கீறிய எழுத்து. இருபது வருஷமாக அதன் மேல் மிதித்துத்தான் போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். 'கொத்தனார் சேக் மைதீன், மதுரை, 1979.'

ஒயில் குழுவில் ஒருத்தியின் தம்பி மதுரையில் கட்டட வேலை செய்கிறவன். அவன் நாலு இடத்துக்குப் போன் போட்டு, சேக் மைதீன் உயிரோடு இருக்கிறார், கோச்சடையில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொன்னான். சனிக்கிழமை காலையில் கனகலட்சுமி ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறிக் கோச்சடை போய்ச் சேர்ந்தாள். தூறிக்கொண்டிருந்தது. வைகையில் கலங்கல் தண்ணீர் ஓடியது.

சேக் மைதீன் எழுபதைத் தாண்டியவர். மாடியில் மகன் சிராஜ் கட்டுகிற புதுச் சுவருக்குக் கீழிருந்தே நொட்டை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆலங்குண்டா? சின்னச்சாமி மருமகளா? வாம்மா, ஒக்காரு. சமீனா, டீ போடும்மா. நான் கட்டுனது நிக்கிதா?"

"நிக்கிது மேஸ்திரி. அதுக்கு எதுக்கு ஜன்னல் வைக்கலன்னு கேக்கத்தான் வந்தேன்."

அவர் சிரித்தார். "என்னயப் பாக்க யாரோ வந்திருக்காங்கன்னு மருமக சொன்னதும், கட்டுன கட்டடத்துல ஏதோ விரிசலுன்னு நெனச்சேன். ஜன்னலுக்கு மூணு எடம் விட்டுத்தாம்மா செங்கல் வச்சேன். சின்னச்சாமி வந்து பாத்தாரு. 'அடைச்சிருங்க மேஸ்திரி'ன்னாரு. குடோனுக்குக் கதவாச்சும் அகலமா வேணும், வண்டி வரணும்னேன். 'குடோனுன்னு ஊருக்குச் சொல்லிருக்கேன், இது பாரி வளக்கிற எடம், வெளிச்சம் ஆகாது'ன்னாரு. எவ வீட்டுலயும் போயி நிக்காம, எவளும் எவளயும் வராதன்னு சொல்ல முடியாத ஒரு எடம் வேணும்னாரு. எனக்கு வெளங்கிருச்சு, நான் மேல கேக்கல."

அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. இது போதும், இந்தச் சாட்சி போதும். எழுந்துவிடலாம். ஆனால் அவள் அவளாயிற்றே.

"அவரு எதுக்குக் குடோன்னு பொய் சொல்லணும்?"

சேக் மைதீன் டீயை ஆற்றினார். ஆறிய பிறகும் ஆற்றினார்.

"அவரும் மவுத்தாயிட்டாரு. இனி நான் சொன்னாத்தான் உண்டு," என்றார். "அதுக்கு மூணு வருசம் முந்தி உங்க வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்திருந்தேன். கோயில் பொங்கலுக்கு நாலு நாளோ அஞ்சு நாளோ இருந்துச்சு. சுண்ணாம்பு நீத்துக் கரைச்சு வாளியில கொல்லையில வச்சுட்டுப் போனேன். கொஞ்ச நேரம் நின்னா சுண்ணாம்பு அடியில தங்கிரும், மேல தண்ணி தெளிஞ்சு நிக்கும். பாத்தா நல்ல தண்ணிதான். மறுநா காலையில வந்தா வாளியில தண்ணியக் காணோம். சின்னச்சாமியக் கேட்டேன். அந்த ஒச்சாயிப் புள்ள நடவுக்குப் போயி வர இருட்டிப்போச்சாம். அது சட்டி மட்டும் காஞ்சு கெடக்குன்னு கதவு எடுக்குல பாத்திருக்காரு. பாவமேன்னு யாருக்கும் தெரியாம உள்ள போயி தண்ணி ஊத்திட்டேன்னாரு. எதுல மோந்தீங்கன்னேன். இந்த வாளியிலதான்னாரு."

கனகலட்சுமி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம். மூணாம் நாளு அந்தச் சட்டி மட்டும் கருகுச்சு. ஆம்பள உள்ள போனான்னு சொன்னா அவருக்கு ஆத்தாகிட்ட அடி விழும், ஊரே சாமி குத்தம்பாங்க. பாரிக்குக் கட்டுறேன்னாலும் எதுக்குன்னு கேப்பாங்க, அதான் குடோன்னாரு. நான் வெளியூரு கொத்தனாரு, உங்க ஊரு பாரி விசயத்துல என்னத்த வாயத் தொறக்க? தொறந்திருக்கணும்மா. வாளி என்னோட வாளி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று போனாள், தெரிந்துகொண்டாள். தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோன்றியது. மாமனார் அவளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. அவள் ஒயில் ஆடப் போனபோது ஊர் பேசியது, அவர்தான் 'ஆடட்டும்' என்று சொன்னவர்.

வீட்டுக்கு வந்ததும் நல்லகாமனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் விதைநெல் மூட்டைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். ஊசி நின்றுவிட்டது.

"சுண்ணாம்புத் தண்ணின்னு அந்த மேஸ்திரி சொன்னா ஆச்சா?"

"பொய் சொல்லி அவுகளுக்கு என்ன ஆகப்போகுது? தன்னோட வாளின்னு அவுகளே சொல்றாக."

அவன் ஊசியைச் சாக்கிலேயே குத்தி வைத்தான்.

"சரி கனகு. நீ செயிச்சுட்ட. மேனேசர வராதன்னு இப்பவே போன் போட்டுச் சொல்லிர்றேன். பதிவு பண்ண எங்க கையெழுத்துப் போடணுமோ போடுறேன். முளைப்பாரிக்குக் கட்டுனதுன்னு மட்டும் எழுது. அந்தச் சுண்ணாம்பு வேணாம். எங்கப்பா செத்து நாலு வருசமாச்சு. அவரப் போயி ஊரு வாயில போடாத."

கேட்டது கிடைத்துவிட்டது. ஞாயிறு மதியமும் சலங்கையும் யாரும் எட்டிப்பார்க்க முடியாத அந்த நாலு சுவரும் கிடைத்துவிட்டன. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மாமனார் இருந்தது மாதிரி, மேஸ்திரி இருந்தது மாதிரி. அவளும் அப்படியே இருந்துவிடத்தான் நினைத்தாள். எழுந்து போய் அரிசி கூடக் களைந்தாள். இரண்டாவது தண்ணீரைக் கொட்டும்போது திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"ஒச்சாயி அத்த இன்னும் சாகலங்க."

நல்லகாமன் சாக்கைத் தள்ளி வைத்துவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

ஞாயிறு விடிந்ததும் அவனே அவளை எழுப்பினான். "அந்தக் காகிதத்த எடுத்துக்கிட்டு வா."

ஒச்சாயி கடையில் கூட்டம். உசிலம்பட்டி சந்தைக்குப் போகிற காய்கறிக்காரர்கள், ஒரு லாரி டிரைவர், உள்ளூர்க்காரர்கள் நாலைந்து பேர். நல்லகாமன் உட்காரவில்லை. அடுப்புப் பக்கம் போய் நின்று, வாய்க்குள்ளேயே ஏதோ முனகினான்.

"என்னப்பா?"

"சின்னாத்தா, ஒங்க பாரி கருகுனது... எங்கப்பாவாலதான்."

ஒச்சாயி இட்லிக் கொப்பரையை மூடினாள். "சத்தமாச் சொல்லு. காது கேக்கல."

அவளுடைய காதுக்கு ஒரு குறையும் கிடையாது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிற ஆர்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து இட்லி எடுத்து வைப்பவள். நல்லகாமன் ஒரு தடவை கடையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு சொன்னான். வெள்ளையடித்தது, வாளி, இருட்டு, அவன் அப்பா யாருக்கும் தெரியாமல் உள்ளே போனது, அதைச் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். இட்லி பிட்ட கைகள் அப்படியே நின்றன.

ஒச்சாயி மர ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அப்ப காஞ்சு கருகலையா?"

"இல்ல சின்னாத்தா. சுண்ணாம்புல கருகுனது."

"அன்னைக்குக் காலையில நான் தண்ணி தெளிக்கல," என்றாள் ஒச்சாயி. "நடவுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன். எல்லாரும் கேட்டாங்க, தெளிச்சேன்னு சாமி மேல பொய் சொன்னேன். அதான் கருகுச்சுன்னு நெனச்சேன். நான் சொன்ன பொய்யிதான் கருக்கிருச்சுன்னு. மன்றத்துல எல்லாரும் பாரி வச்சாங்க, வா வான்னு கூப்புட்டாங்க. நான் போகல. பொய் சொன்ன வாயோட எப்புடி உள்ள போறது?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததும் குரல் மாறிவிட்டது.

"உங்கப்பாரு முப்பது வருசம் தெனமும் இங்கதான் சாப்புட்டாரு. அந்தா, அந்தப் பெஞ்சுல. சாகுறதுக்கு மொத வாரம் வரைக்கும். நாலு இட்லி, ஒரு வட. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கணும்," என்றான் நல்லகாமன். அவன் கண் கலங்கியிருந்தது. "எம்மேல ரெண்டு வசவு விடுங்க சின்னாத்தா."

"ஒன்னய எதுக்கு வைய? நீ அப்பப் பொறக்கவே இல்ல." பிறகு கனகலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "அது என்ன கையில?"

"மன்றத்துக்கு வரலாறு எழுதணும் அத்த. வரலாறு எழுதிட்டேன். இதெல்லாம் இருக்கு, நீங்க சரின்னாத்தான் குடுப்பேன். நோக்கம்னு மூணு வரி கேட்டிருக்கான், அதுதான் வரல."

"நோக்கம்னா?"

"அந்த எடம் எதுக்கு இருக்குன்னு."

ஒச்சாயி யோசிக்கவே இல்லை. "எழுதிக்க. எவ பாரி கருகுனாலும் ஏன் கருகுச்சுன்னு கேக்கணும், அவள வெளிய போகச் சொல்லக் கூடாது. அதுக்குத்தான்னு எழுது. எம்பேரப் போடு. உங்க மாமனார் பேரையும் போடு, தண்ணி ஊத்துனவருன்னு."

இட்லி மாவு வழிந்திருந்த பெஞ்சிலேயே காகிதத்தை வைத்துக் கனகலட்சுமி அதை அப்படியே எழுதினாள். நல்லகாமன் வாங்கி, கீழே இடத்துக்காரர் என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டான். லாரி டிரைவர்தான் முதலில், இன்னும் ரெண்டு இட்லி என்று கேட்டார்.

மதியம் மூன்று மணிக்கு மழை விட்டிருந்தது. பெண்கள் வர ஆரம்பித்தார்கள். உள்ளே யாரோ சலங்கை கட்டிக்கொண்டிருந்தார்கள். நல்லகாமன் வழக்கத்துக்கு மாறாக அங்கே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்று வெள்ளைத்துரையிடம் பேசிக்கொண்டிருந்தான். ரோட்டைத் தாண்டி ஒச்சாயி வந்தாள். கடையை மூடியிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சேலை கட்டியிருந்தாள். உள்ளே சத்தம் மெல்ல அடங்கியது. அவள் படிக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள்.

"வழிய விடுப்பா," என்றாள் நல்லகாமனிடம்.

அவன் விலகினான். அவள் குனிந்து உள்ளே போனாள்.